பெரியாயி எங்கே இருந்தாள்?

பதுளையில் கடதாசிக் கடை வைத்திருந்த ஷுக்ரிக்கு ஒரே ஒரு மனக்குறை: ஊரில் கொலையே விழுவதில்லை. தினமும் கடையில் வந்து உட்காரும் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் சரவணமுத்துவின் துப்பறியும் மூளை இப்படித் துருப்பிடிக்கிறதே என்று வருந்துவான். 1956 ஜூலையில் கொலைக்குப் பதிலாகப் பெரியாயி ஒரு கடிதத்தோடு கடைக்கு வந்தாள்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், புருஷன் இல்லை. இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்ட மனு தள்ளுபடி. இடைவிடாமல் இங்கே இருந்திருக்க வேண்டிய காலத்தில், 1941 முழுவதும் அவள் இந்தியாவில் இருந்தாளாம். தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி கைநாட்டு வைத்த சாட்சியம் தள்ளுபடிக் கடிதத்தோடு இருந்தது. வேலையாட்களைப் பதியும் அந்த வருடத்துத் தோட்டப் பேர்ப் புத்தகத்தைக் கரையான் ஏற்கனவே விசாரித்து முடித்திருந்தது.

“நா எங்கயும் போவலீங்க ஐயா. இது கெடைக்கலைன்னா நா குடியிருக்கிற லயத்துக் காம்பராவ கங்காணி மவனுக்குக் குடுத்துருவாங்க.”

“ரெசிடென்ஸ் இல்லையாம்,” என்று வாசித்தான் ஷுக்ரி. “அது என்ன மாஸ்டர்?”

“எங்கட பாடத்தில, வருசம் முழுக்க இஞ்சயே இருக்கிற பறவை ரெசிடென்ட். ஆஸ்பத்திரியில, அங்கயே தங்கிக் கிடக்கிற டொக்டர். சட்டத்தில என்னவோ, கேட்டாத்தான் தெரியும்.”

“நா பறவையுமில்ல, டாக்டருமில்லீங்க.”

சுருக்குப்பையிலிருந்த தாள்களை மேசையில் பரப்பினாள். எட்டாக மடித்த ஒன்றை மட்டும் விரிக்கவில்லை. சரவணமுத்து விரித்தார். ஒன்பது நாள் ஆண் குழந்தையின் மரணப் பத்திரம், பூனாகலை, ஆகஸ்ட் 1941, தாய் பெரியாயி. அறிவித்தவர் பெயர்மேல் எண்ணெய்க் கறை. கீழே ஒரு கைநாட்டு.

“கங்காணிக்குப் பெருவிரல்ல காயமோ?”

“ஆமாங்க. சின்ன வயசுல செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தி வெட்டுனது.”

“ஷுக்ரி, இஞ்ச பாரும். ரெண்டு கைநாட்டிலயும் அதே சரிவுக் கோடு. தாய் இந்தியாவில எண்டு சத்தியம் பண்ணின ஆள்தான், அதே வருசம் பிள்ளை இஞ்ச செத்ததெண்டும் அறிவிச்சிருக்கிறார்.”

ஷுக்ரி துள்ளிக் குதித்துக் கடையைப் பூட்டினான்.

மறுவாரம் பிரஜாவுரிமைக் கந்தோரில், அதிகாரியின் மேசையில், இரண்டு தாள்களையும் கங்காணி முன் வைத்தார்கள். அவர் தன் பெருவிரலைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

“நல்லாக் கண்டுபிடிச்சிருக்கிறீங்கள்,” என்றார் அதிகாரி, மனதாரவே. “ஆள் பொய்யன்தான். ஆனா மாஸ்டர், சட்டத்தில ரெசிடென்ஸ் எண்டா, இருந்தாப் போதாது. இஞ்சயே நிலைச்சு வாழுற எண்ணம் வேணும். குடும்பம் இஞ்ச எண்டு காட்டோணும்.”

“எதைக் காட்டி?”

“அந்தப் பிள்ளை உயிரோட இருந்திருந்தா, அதைக் காட்டலாம்.”

வெளியே மழை பிடித்திருந்தது. பெரியாயி தாளைப் பழைய மடிப்பிலேயே எட்டாக மடித்தாள்.

“அப்போ இங்கயே பொதைச்ச எம் புள்ள, ஐயா?”

சரவணமுத்து குடையை விரித்து அவள்மேல் பிடித்தார்.

“அது மட்டும்தான் ரெசிடென்ட், பெரியாயி. இந்த மண்ணை விட்டு ஒரு நாளும் போகேல்லை.”