தமிழ்ல சொல்லு

பஸ் நின்ற இடத்திலிருந்து ஓடைக்கு அரை மைல்கூட இருக்காது. காட்டுப் பாதைதான், ஆனால் மேடு பள்ளம் கிடையாது. புத்தூர்க்காரர்கள் கைக்குழந்தையோடு புளிச்சோறு கட்டிக்கொண்டு போய்வருகிற இடம். அந்த அரை மைல் நடக்கத்தான் கோவர்த்தனனுக்குக் கால் எழவில்லை.

புது மனைவி பொன்னியம்மாள் முன்னால் போனாள். காஞ்சிபுரத்துப் பெண், தெலுங்கு ஒரு சொல் தெரியாது. அதற்காகவே தேடிக் கட்டியது. ஓடையைப் பார்க்கவேண்டுமென்று மூன்று மாதமாக நச்சரித்தாள், இவனிடம் சாக்குகள் தீர்ந்துபோயின. முதல் மனைவி யசோதா காய்ச்சலில் போனதாகத்தான் பெண்வீட்டில் சொல்லியிருந்தான்.

யசோதா போனது இந்த ஓடையில்.

ஆந்திர எல்லை எங்கே விழுமென்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. தங்கள் ஊர் மதராஸோடு சேரவேண்டுமென்று ஊர்வலம் போன கோவர்த்தனன், வீட்டிலும் ஒரு சட்டம் போட்டான். தெலுங்குச் சொல் வந்தால் அவன் காதில் விழாது. தமிழில் திருப்பிச் சொல்லவேண்டும். யசோதா மாமன் மகள், தமிழச்சிதான். ஆனால் எல்லைக்காட்டு வாய், இரண்டும் கலந்துதான் வரும். பாவம், பாதிப் பேச்சில் நின்று "அது வந்து... அது வந்து..." என்று சொல்லைத் தேடுவாள். அவனுக்கு அது வேடிக்கை.

அன்று நடு ஓடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் மேலே பார்த்துக் கத்தினாள்.

"மாமா, ஏரு!"

ஆற்றுக்குத் தெலுங்கில் ஏரு. மலையில் மழை பெய்து வெள்ளம் இறங்கினால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் கத்துகிற சொல் அது. பாறைமேல் படுத்திருந்தவன் கண்ணைத் திறக்கவில்லை.

"தமிழ்ல சொல்லு."

ஓடவேண்டியவள் நின்று யோசித்தாள்.

"அது வந்து..."

மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. ஊரும் கடைசியில் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது.

இப்போது பொன்னியம்மாள் அதே இடத்தில் குனிந்து முகம் கழுவினாள். நல்ல வெயில். தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது.

குருவிச் சத்தம் சட்டென்று நின்றது.

ஈர மஞ்சள் வாசனை வந்தது.

அவன் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

"அது வந்து..."

அவன் திரும்பவில்லை. மேலே பாறை இடுக்கில் செந்தண்ணீர் எழும்பி வருவதைப் பார்த்துவிட்டான். வாயில் வந்தது ஒரே சொல்.

"ஏரு! ஏரு!"

அவளுக்கு அது 'ஏறு' என்று கேட்டது. பக்கத்துப் பாறைமேல் தாவி ஏறினாள். நின்ற இடத்தை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று.

பாறைமேல் நின்றபடியே, "நல்லவேளை, ஏறுன்னு சொன்னீங்க" என்றாள்.

எந்த மொழியில் கேட்டாலும் உயிர் காக்கிற சொல்லை அன்று கோவர்த்தனன்தான் கேட்காமல் விட்டான். காதருகே ஓர் அழுகைக் குரல் மெல்லச் சொன்னது.

"அத்தத்தான மாமா நானும் சொன்னேன்."

மறுநாள் காலை இலைமுன் உட்கார்ந்தான். பொன்னியம்மாள் சோற்றோடு வந்து, எதையோ கேட்க வாயெடுத்தாள். என்றைக்கும் 'ஏங்க' என்று கூப்பிடுகிறவள்.

"மாமா, அது வந்து..."

"எந்த பாஷைலயாவது சொல்லிடும்மா" என்று கெஞ்சினான்.

அவள் புடவையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டச்சொட்ட நின்று, சொல்லைத் தேடிக்கொண்டே இருந்தாள்.