காலித் தொட்டியின் குரல்

மழை தூறிக்கொண்டிருந்த மதியம். படகில் தீவுக்கு வந்தவர்கள் ஒரு பஸ் நிறைய வந்து விஸ்கி ஆலை வாசலில் இறங்கினார்கள். புருஷனைப் புதைத்த பிறகு இஷ்பெல் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. ஆலையைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. 'கல்நெஞ்சுக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை' என்று ஊரில் பேர் வாங்கியிருந்தாள். அழுகை வந்தால்தானே அழ? மரத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான்.

அவள் புருஷன் டார்கில் இதே ஆலையில், பார்லிச் சாறு புளிக்கிற மரத்தொட்டிக்குள் செத்துக் கிடந்தான். தொட்டியை வடித்த பிறகும் விஷவாயு அடியில் தங்கும். காற்றோட்டம் விடாமல் யாரும் இறங்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். "குடிச்சிருப்பான், இறங்கியிருப்பான்" என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கல்யாணத்தன்று அவளுக்கு வாக்குக் கொடுத்துக் குடியை விட்டவன் டார்கில். அந்த வாக்கை மீறினானா, இல்லையா? ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. மீறியிருந்தால் அவனுக்காக அழவே மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தாள்.

"அண்ணி, இன்னிக்கு அந்தத் தொட்டிப் பக்கம் போக வேணாம். நான் காட்டறேன்" என்றான் ரூரி. டார்கிலின் தம்பி, கீழ்த்தளத்தில் பார்லி அரைக்கிற வேலை.

"போடா, உன் வேலையைப் பாரு."

மாடித் தளத்துக்கு மேலே இடுப்பளவும் கீழே இரண்டாள் ஆழமுமாகத் தொட்டிகள் வரிசையாக நின்றன. நுரை பொங்கிய ஒன்றின் மூடியைத் தூக்கினாள்.

"மூக்கை நீட்டி ஒரே ஒரு இழுப்பு. பேராசைப்பட்டீங்க, மூக்குலயே குத்தும்!"

பழைய வேடிக்கை. வாய் தானாகச் சொன்னது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்தது டார்கில் செத்துக் கிடந்த தொட்டி, இப்போது காலி. பார்க்காமல் தாண்டி நடந்தாள்.

"இஷ்பெல்."

நின்றாள்.

"இஷ்பெல், கை குடும்மா. ஏற முடியலை."

டார்கில்தான். தூங்கி எழுந்ததும் வருகிற அந்தக் கரகரப்புகூட அப்படியே இருந்தது. மூடியைத் திறந்தாள். உள்ளே இருட்டு. அழுகின ஆப்பிள் நாற்றம். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இதோ வரேன்" என்று ஒரு காலைத் தூக்கி விளிம்பில் போட்டாள்.

பின்னாலிருந்து ரூரி அவளை இடுப்போடு கட்டி இழுத்தான். படியேறி ஓடி வந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"பைத்தியமா பிடிச்சிருக்கு அண்ணி?"

"உங்கண்ணன் கூப்பிடறார்டா."

"அண்ணனா?" அவன் முகம் வெளுத்தது. "எனக்குக் கேட்டது உங்க குரல். 'விழுந்துட்டேன் ரூரி, தூக்கு'ன்னு... அதான் ஓடி வந்தேன்."

"நான் உன்னைக் கூப்பிடவே இல்லையே."

இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்தார்கள்.

"அப்போ அன்னிக்கு அவருக்கு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. டார்கிலுக்கு யார் குரல் கேட்டிருக்கும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமா? அவள் கூப்பிட்டால் விஷவாயுவாவது மண்ணாவது, யோசிக்காமல் குதிக்கிறவன் ஆயிற்றே! குடிக்கவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் இறங்கியிருக்கிறான். பாவி மனுஷன்.

உதடு கோணியது. இத்தனை நாள் வராத அழுகை அத்தனையும் உடைத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கவனித்தாள். பின்னால் சிரிப்புச் சத்தமே இல்லை.

வந்தவர்கள் எல்லோரும் தொட்டியைப் பார்த்தபடி நின்றார்கள்.

முன்னால் நின்ற பெரியவர் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். "எல்ஸி?" என்றார்.

"அம்மா, நீ எப்படி இங்க?" என்று கேட்டபடி ஒருத்தி அதை நோக்கி நடந்தாள்.

இஷ்பெல் மூடியை அறைந்து சாத்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"ரூரி, எல்லாரையும் வெளிய தள்ளிட்டுப் போ! சீக்கிரம்!"

காலடிகள் படியிறங்கி ஓய்ந்தன.

அடியிலிருந்து நகங்கள் பலகையைப் பிறாண்டின.

"மூச்சு முட்டுது இஷ்பெல். மூடாதேம்மா."

அவள் அழுதுகொண்டே, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.