பெட்டிக்குள் இருந்த தவிடு

நகை திருட்டுப் போயிருந்தால் மயிலாத்தாள் ஸ்டேஷனுக்கே போயிருப்பாள். பழஞ்சேலைக்குப் புகார் கொடுத்தால் சிரிப்பார்களே என்றுதான் ஓய்வு பெற்ற ஏட்டு குப்பண்ணனைத் தேடி வந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் கொழிஞ்சாம்பாறையில் இந்த மாதிரி வழக்குகளுக்கெல்லாம் அவர்தான் கதி.

"எங்கம்மாளோட கூறைச்சேலைங்க, ஏட்டய்யா. அதுலதான் எனக்குத் தொட்டில் கட்டியிருந்தாங்களாம். ரெண்டு வயசுல என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டாங்க. மூஞ்சிகூட நெனப்பில்லை. அதை உட்டா வேற ஒண்ணும் இல்லீங்க எனக்கு."

குப்பண்ணனின் மச்சினன் கந்தப்பனுக்கு உள்ளூரக் குஷி. துப்பு என்றால் அவனுக்குச் சோறுகூட வேண்டாம்.

மயிலாத்தாள் வீட்டுப் பெட்டியில் தங்கத் தோடுகூட அப்படியே இருந்தது. சேலை இருந்த இடத்தில் ஒரு கொட்டாங்குச்சி. அதில் தலைதட்டி அளந்த தவிடு. சாவி எப்போதும் அடுக்களை ஆணியில்தான் தொங்கும்.

"அடுக்களை வரைக்கும் யாரு வருவாங்க?" என்றார் குப்பண்ணன்.

"மாட்டுக்குத் தவுடு கொண்டாற மில்லுக்காரக் கருப்புசாமி. அப்பறம் பக்கத்து ஊட்டு சுப்பாத்தாக்கா. அவிய மக மருதாத்தா புள்ளை பெத்திருக்கறா. மொத ரெண்டும் தக்கலீங்க, பொறந்ததுமே போயிருச்சுங்க, பாவம்."

"கருப்புசாமிதான், மாமா. தவுடே சாட்சி சொல்லுதே," என்றான் கந்தப்பன்.

"அவன் மேல ஒட்டுன தவுடு உதுந்தா பெட்டி பூராப் பரவிக் கெடக்கும். இது அளந்து வெச்சது. எடுத்தவங்க வெலை குடுத்திருக்கறாங்க," என்றார் குப்பண்ணன்.

"தவுட்டுக்கு என்னத்தை வாங்குவாங்க?"

"புள்ளையைத்தான். எனக்கு முன்னால பொறந்தது ஒண்ணும் தக்கலைன்னு என்னையக் குப்பையில போட்டுத் தவுட்டுக்கு வாங்குனாங்க. அப்பிடி வாங்குனா உசுரு தக்கும்னு ஒரு நம்பிக்கை. அந்தச் சேலை, தாயில்லாமயும் பொழைச்ச புள்ளை கெடந்த தொட்டில். யாருக்கு வேணும்னு பாரு."

கந்தப்பன் முகத்தில் அசடு வழிந்தது. மயிலாத்தாளோ கோபத்தோடு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

சுப்பாத்தாள் வாசலிலேயே அழுதுவிட்டாள். "கேக்க வாய் வரலை, மயிலா. இல்லைன்னு ஒரு சொல்லு உழுந்துட்டாத் தொட்டிலுக்கு ஆகாதே. எம்மக மூணாந்தரமும் அழுகறதைப் பாக்க முடியாது."

மயிலாத்தாள் உள்ளே போனாள். விட்டத்தில் அந்த அரக்கு நிறக் கூறைச்சேலை தொட்டிலாகத் தொங்கியது. சேலையை விலக்கினாள். குழந்தை கண்ணைத் திறந்து அவளை அண்ணாந்து பார்த்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். சேலையை அவிழ்க்கப் போன கந்தப்பனின் கையைக் குப்பண்ணன் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா இப்பிடித்தான் நின்னு என்னையப் பாத்திருப்பாங்க," என்றாள் மயிலாத்தாள். பெட்டியில் முகம் புதைத்து அழுத இத்தனை வருஷத்தில் அவளுக்கு அது தோன்றியதே இல்லை.

"சேலை இங்கயே கெடக்கட்டும், சுப்பாத்தாக்கா. நான் தெனமும் வந்து செத்த நேரம் ஆட்டிட்டுப் போறேன்," என்று சொல்லித் தொட்டிலை மெல்ல ஆட்டத் தொடங்கினாள்.