கூர்மூக்குத் தோட்டா

“அந்தத் துப்பாக்கிய என் கையில குடுங்க.”

மார்னா கேட்டதும் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ஷெரீஃப் அலுவலக மேசைமேல், அடையாள அட்டை கட்டிக் கிடந்தது அவள் அப்பா தோர்வால்டின் பழைய லீவர் துப்பாக்கி. விசையடியில் இருக்கும் வளையத்தை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா வந்து உட்காரும். அந்த வீட்டில் அது மகனுக்குப் போகிற சொத்து. மகள் துடைக்கலாம், எண்ணெய் போடலாம். கேட்கக் கூடாது.

“காலேஜ்காரி வந்துட்டா, எல்லாரும் எழுந்து நில்லுங்க,” என்றான் அண்ணன் லைல். “வீட்லயே முதல் பட்டதாரி. துப்பாக்கிக்கும் பட்டம் வேணுமாம்.”

தோர்வால்ட் தலை நிமிரவில்லை. பிடித்து வந்ததிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. பக்கத்துப் பண்ணை பிக்கெட்டின் பொலிகாளையைச் சுட்டுக் கொன்றதாக மத்தியானம் அவரை நீதிபதிமுன் நிறுத்தப்போகிறார்கள். நுரையீரல் பாதி போன மனிதர். சிறைக் குளிரைத் தாங்கமாட்டார்.

சாட்சி பலமாக இருந்தது. காளை விழுந்த இடத்துக்கு எதிர்மேட்டில் மூன்று வெற்றுப் பித்தளைத் தோட்டாக் கூடுகள். அந்த அளவுத் தோட்டாவை மொன்டானாவில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வேறு கூட்டின் கழுத்தைச் சுருக்கி, வெடிமருந்து நிரப்பி, தோர்வால்ட் தன் பட்டறையில் தானே செய்துகொள்வார். வட்டாரத்தில் அந்தத் துப்பாக்கி அவரிடம் மட்டும்தான்.

மார்னா காலையில் போய் அழைத்துவந்தவர் ஹாலிஸ், கால்நடைத் துறைத் துப்பறிவாளர். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தார்.

“குடு டென்னி. காலியாத்தான இருக்கு.”

உதவி ஷெரீஃப் டென்னி, இதற்கென்றே காத்திருந்தவன்போல் அதை எடுத்து நீட்டினான்.

“பிக்கெட், உங்க காதுல என்ன விழுந்துச்சு?” என்றார் ஹாலிஸ், சுவரோரம் நின்றிருந்தவரிடம்.

“மூணு வெடி. டப் டப் டப்புன்னு, கை தட்டுன மாதிரி. ஒண்ணு காளைய உரசிப் பின்னால இருந்த ஈர வைக்கோல் கட்டுல போய்ச் செருகிக்கிச்சு.”

டென்னி அந்த ஈயக் குண்டை உள்ளங்கையில் காட்டினான். கால் அங்குலக் கனம். நசுங்கவில்லை. ஊசி மாதிரி மூக்கு.

மார்னா குனிந்து அதைப் பார்த்தாள். “அப்பாவோடது மொட்டை மூக்கு. எப்பவும்.”

“ஏன்னு சொல்லு,” என்றார் ஹாலிஸ்.

குழலுக்கடியில் ஓடும் இன்னொரு குழாயை அவள் தொட்டுக் காட்டினாள். “தோட்டா எல்லாம் இதுக்குள்ள வரிசையாப் படுத்திருக்கும். ஒண்ணோட மூக்கு, முன்னால இருக்கறதோட அடியில இருக்கற வெடிக் கேப்ப முட்டிக்கிட்டு இருக்கும். மூக்கு கூரா இருந்தா, சுடற உதையில குத்தி உள்ளயே வெடிச்சிரும். இடது கை போயிரும்.”

“கூர்மூக்குன்னா அப்பா ஒவ்வொண்ணாக் கையால போட்டுச் சுடுவாரு,” என்றான் லைல் அவசரமாக.

“ஒவ்வொண்ணாப் போட்டா கை தட்டுன மாதிரி கேக்காதே,” என்றார் ஹாலிஸ்.

டென்னி குறுக்கிட்டான். “சார், மேல சுடற குழலுக்குள்ள ஒண்ணு, அடிக் குழாயில ஒண்ணு போட்டா? முட்ட முன்னால எதுவும் இல்லையே.”

“நல்லாக் கேட்ட. ரெண்டு சுடலாம். மூணாவது எங்க இருந்துச்சு?”

டென்னி யோசித்தான். பிறகு தன் இடது கையைப் பார்த்துக்கொண்டான்.

“கூடுங்க எப்படிக் கெடந்துச்சு டென்னி?”

“ஒரு உள்ளங்கை அகலத்துக்குள்ள, சார். மூணும்.”

“இந்தத் துப்பாக்கி ஒண்ண இங்க எறியும், ஒண்ண அங்க எறியும். யாரோ குனிஞ்சு வெச்சிருக்காங்க.”

“அதுவும் இல்லாம, எங்கப்பா கூட்ட விட்டுட்டு வருவாரா?” என்றாள் மார்னா. “ஒண்ணு புல்லுல விழுந்தா வீட்ல சோறு கிடையாது. கிடைக்கற வரைக்கும் எல்லாரும் முட்டி போட்டுத் தேடணும். அது பட்டறை டப்பாவுல இருந்து போனது. அந்தச் சாவி அப்பாகிட்டயும் அண்ணன்கிட்டயும்தான் இருக்கு.”

ஹாலிஸ் லைலின் பக்கம் திரும்பினார். “உன் துப்பாக்கிக் குழலும் இதே கால் அங்குலந்தான். ஆனா குழாய்க்குப் பதிலா அடியில பெட்டி. தோட்டா ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி இருக்கும், கூர்மூக்கு ஆகும். கன்னு போடற நேரம், ஓநாய் சுத்துது. எல்லாரும் வண்டியோட பின்கண்ணாடியில துப்பாக்கி மாட்டியிருக்காங்க. உன் வண்டியில கயிறு மட்டும் தொங்குது.”

“அந்தக் காளை ரெண்டு தடவ வேலி தாண்டி என் கிடாரிங்ககிட்ட வந்துச்சு,” என்றான் லைல். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. “அதுக்காக நான் சுட்டேன்னு ஆயிருமா?”

“நான்தான் சுட்டேன்னு எழுதிக்கோ டென்னி.” தோர்வால்டின் குரல் கரகரத்தது.

மார்னா அவரையே பார்த்தாள். “அந்த மூக்கப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரியும்.”

“அவன் என் பையன்மா.”

“நானும் உங்க வீட்லதானப்பா பொறந்தேன்.”

ஹாலிஸ் ஒரு தோலைத் துப்பினார். “அவன் துப்பாக்கி கிடைச்சா ஒப்பிட்டுப் பாக்கலாம். வீட்ட நாங்க சோதிக்கணும்னா உத்தரவு வேணும். மத்தியானத்துக்குள்ள வராது.” யாரையும் பார்க்காமல் தொடர்ந்தார். “அங்க குடியிருக்கறவங்களே கொண்டுவந்து குடுத்தா, அது வேற.”

லைல் சிரித்தான். “தேடட்டும். ரெண்டாயிரம் ஏக்கர்.”

“சின்ன வயசுல சிகரெட்ட எங்க ஒளிப்ப லைல்? குதிரைங்க ஓட்ஸ் தொட்டியிலதான?” என்றாள் மார்னா.

சிரிப்பு பாதியில் நின்றது. அவன் எழ, டென்னி கதவோரம் வந்து நின்றுகொண்டான்.

“மார்னா, வேண்டாம்மா,” என்றார் தோர்வால்ட்.

அவள் கையிலிருந்த துப்பாக்கியை ஒருமுறை பார்த்தாள். அவள் எண்ணெய் போட்ட இடமெல்லாம் மினுங்கியது. அதை அப்பாமுன் மேசைமேல் வைத்தாள்.

“இது அவனுக்கே இருக்கட்டும்ப்பா.”

டென்னி விலகி வழிவிட்டான். வண்டிச் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அவள் வெளியே போனாள்.