பிசிறு

மேடை ஏறுவதற்கு முன்னால் மண்டையைச் சோதிப்பது வழக்கம். நிறைமதி ஒப்பனை அறை நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். அறக்கட்டளைப் பெண் ஒருத்தி கையடக்கக் கருவியை அவளுடைய பிடரியிலிருந்து நெற்றிவரை மெல்ல நகர்த்தினாள். கருவி சத்தம் போடவில்லை.

"உள்ள ஒண்ணுமில்ல" என்று பக்கத்தில் நின்ற நன்கொடையாளர் பிரதிநிதியிடம் சொல்லிவிட்டு, நிறைமதியின் மணிக்கட்டில் நீல முத்திரை குத்தினாள். அடுத்து மிருதங்கம் கருப்பையா தலையைக் கொடுத்தார்.

திருச்சியில் அந்தக் காலத்தில் ஆறு வயது நிறைந்ததும் குழந்தையின் காதுக்குப் பின்னால் நினைமணி பதித்துவிடுவார்கள். மிளகு அளவுதான் இருக்கும். கணக்கு, நீச்சல், வீணை, எது வேண்டுமோ அதை மணிக்குள் இறக்கிக்கொண்டால் மறுநாள் காலையில் கைவந்துவிடும். பிறவியிலேயே கண் தெரியாதவர்களுக்கு மணி பார்வையும் கொடுத்தது. பேருந்துக் கதவும் வீட்டுக் கதவும் மணியைக் கேட்டுத்தான் திறந்தன. பல்லாயிரத்தில் ஒருவருக்கு மட்டும் உடம்பு அதை ஏற்காமல் சீழ் வைத்து வெளியே தள்ளிவிடும். அரசாங்க ஏட்டில் அவர்களுக்கு மணியிலார் என்று பெயர், தெருவில் வெறுமண்டை. நிறைமதிக்கு மூன்று முறை பதித்தார்கள். மூன்று முறையும் தள்ளிவிட்டது. கருப்பையாவுக்கு மணியோடு பார்வையும் கிடைக்காமல் போயிற்று. உறையூரில் ஓர் இல்லத்தில் அப்படி மணியிலார் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். கதவு திறந்துவிட யாராவது இருந்தால்தான் அவர்களால் வெளியே போக முடியும்.

அவர்களுக்காக அறக்கட்டளை ஆண்டுக்கொரு முறை கச்சேரி வைத்தது. மற்றபடி ஊரில் கச்சேரி என்று ஒன்று நடப்பதே இல்லை. எல்லோருக்கும் எல்லாப் பாட்டும் வரும்போது, யார் பாட்டை யார் உட்கார்ந்து கேட்பது? மணியிலார் பாடினால் மட்டும் அரங்கம் நிறைந்தது.

நிறைமதி பாடிப் பாடியே கற்றவள். அவள் பாடும் காம்போதிப் பாட்டின் சரணத்தில், குரல் மேல் பஞ்சமத்துக்கு ஏறி, அங்கே கொஞ்சம் நின்று, அவசரப்படாமல் இறங்க வேண்டும். அந்த ஓர் இடத்துக்கு அவளுக்குப் பதினோரு வருடம் பிடித்தது. போன ஆண்டு மேடையில்தான் அது முதல் முறையாகப் பிசிறில்லாமல் வந்தது. பாடி முடித்துக் கண்ணைத் திறந்தாள். நாலு பேர் மரியாதைக்குக் கை தட்டினார்கள். மறுவாரமே புகார் கிளம்பிவிட்டது. மணி இல்லாமல் இப்படிப் பாட முடியுமா, இது ஏமாற்று என்றார்கள். நன்கொடை வற்றியது. மாநகராட்சி இல்லத்தை மூடி, இருபத்து மூன்று பேரையும் பிரித்து வெவ்வேறு மலை முகாம்களுக்கு அனுப்பப் போவதாகச் சொல்லியிருந்தது. சோதனையின்போது நன்கொடையாளர் பிரதிநிதி பக்கத்திலேயே நிற்பது இந்த ஆண்டு வந்த ஏற்பாடு.

முத்திரை குத்தியவர்கள் வெளியே போனதும் அறக்கட்டளைச் செயலாளர் ஃபெலிக்ஸ் உள்ளே வந்தார். இருபது வருடமாக அவர்களுக்காக அலைகிறவர். உட்காரவில்லை.

"மதி, உங்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியலம்மா."

"கேளுங்க சார்."

"அந்தச் சரணத்துல... மேல போற எடத்துல... லேசா ஒரு பிசிறு தட்டினா நல்லாருக்கும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நல்லாப் பாடுறத அவங்க வீட்லயே பாடிக்கிறாங்கம்மா. அதுக்கா டிக்கெட் வாங்கி வர்றாங்க? நீ முட்டி மோதி முடியாம நிக்கிறதப் பாத்தாத்தான் அவங்களுக்கு மனசு எளகுது. நான் வேற என்னத்தச் சொல்ல."

"பதினோரு வருஷம் சார்" என்றாள் நிறைமதி.

"தெரியும்மா. நான் கேட்டுட்டுத்தானே இருந்தேன்."

கருப்பையா மிருதங்கத்தின் வாரை இழுத்துவிட்டபடி சொன்னார்: "அவளக் கட்டாயப்படுத்தாதீங்க சார். மலையில குளுந்தா போத்திக்கிறோம்."

"நீங்க போத்திக்குவீங்க. பேச்சியம்மா?"

பேச்சியம்மாள் இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவள். நிறைமதி ஊட்டினால்தான் சாப்பிடுவாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. பல்லவியும் அனுபல்லவியும் தம்பாட்டுக்குப் போயின. சரணம் நெருங்க நெருங்க அவளுக்கு ஒரு பயம் பிடித்தது. பிசிறை விரட்டத்தான் இத்தனை வருடம் பழகியிருந்தாள். அதை எப்படி வரவழைப்பது என்று தெரியவில்லை. குரல் தானாகவே ஏறியது. பஞ்சமத்தைத் தொட்டது. தொட்ட இடத்தில் மூச்சை இறுக்கிப் பிடித்து அதை உடைத்தாள்.

கருப்பையாவின் கை ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். அரங்கமே எழுந்து நின்றது. கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. ஓர் அம்மாள் மேடை ஏறி வந்து நிறைமதியின் தலையைத் தடவி, "ஐயோ பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டுப் பாடுது இந்தப் பொண்ணு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிறைமதி அவளைக் கும்பிட்டாள்.

நன்கொடை குவிந்து இல்லம் தப்பியது. திரும்பும்போது வண்டியில் கருப்பையா கேட்டார்:

"தொண்டையா?"

"இல்லண்ணே."

"ம்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "போன வருஷம் நீ அந்த எடத்துல நின்னப்ப, எனக்கு என்னமோ கண்ணு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் அந்தப் பிசிறு நினைமணிக்கு வந்துவிட்டது. மணி செய்யும் நிறுவனம் அதற்கு உருக்கப் பதிப்பு என்று பெயர் வைத்திருந்தது. யாருடைய குரலிலிருந்து எடுத்தது என்று எங்கும் போடவில்லை. ஊரெல்லாம் அதை இறக்கிக்கொண்டது. குளிக்கும்போது, துணி உலர்த்தும்போது, பேருந்தில் நின்றுகொண்டு, எல்லோரும் காம்போதி பாடினார்கள். எல்லோருக்கும் அதே இடத்தில், அதே அளவில் குரல் உடைந்தது. பள்ளிப் போட்டிகளில் நன்றாக உடைத்த குழந்தைகளுக்குப் பரிசு கிடைத்தது.

ஒரு நாள் காலை பேச்சியம்மாளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு நிறைமதி கொல்லையில் தனியாக உட்கார்ந்து பாடினாள். இரண்டு மாதமாக அந்தச் சரணத்தை அவள் தொடவே இல்லை. குரல் மேலே போய் நின்றது; துளிப் பிசிறில்லை. அவசரப்படாமல் இறங்கியது. கண்ணைத் திறந்தபோது பக்கத்து வீட்டுச் சகாயராணி மதிலோரம் நின்றுகொண்டிருந்தாள். நல்ல மனசுக்காரி. இல்லத்தார் போக வர, அலுத்துக்கொள்ளாமல் கதவு திறந்துவிடுகிறவள்.

"மதி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. அந்த எடம் ஒனக்கு வரலடி."

"எந்த எடம்க்கா?"

"மேல போயி ஒடையணும்ல? நீ பாட்டுக்கு வழுவழுன்னு போயிட்ட. எம் பொண்ணு ஒரே நாள்ல புடிச்சுட்டா. பாவம், மணி இல்லாம நீ என்ன பண்ணுவ." சகாயராணி மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். "நான் பாடுறேன், நல்லாக் கவனி."

பாடினாள். அப்படியே நிறைமதியின் பிசிறு. இறுக்கிப் பிடித்த மூச்சுகூட அதில் இருந்தது.

"எங்க, நீ சொல்லு பாப்போம்."

நிறைமதி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இல்லை, முழுக்க இரக்கம்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலே போய், உடைத்துப் பாடினாள்.

"ம்... பரவால்ல" என்றாள் சகாயராணி. "மனசத் தளரவிடாத. பழகப் பழக வந்துரும்."