செத்தவன் பொத்தான்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர் நடுக்கடலில் திடீரென்று நின்றுபோனால், அதற்குப் பிறகு வருகிற அமைதியை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

நான் கேட்டிருக்கிறேன். படகு மோட்டர் திருத்துவதுதான் என் தொழில். இந்த வடக்கு நோர்வேக் கரைக்கு வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். பிறகு மோட்டர்கள். அமைதி எனக்குப் புதிதில்லை, என் வீட்டிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் யோர்டிஸ் என்கிற வயதான பெண்ணின் படகில் கேட்டது வேறு மாதிரி.

அது டிசம்பர். சூரியன் எழும்பாத மாதம். மதியத்தில் கொஞ்ச நேரம் வானம் நீலமாக வெளிக்கும், பிறகு மூடிக்கொள்ளும். தாயின் படகு மோட்டரைத் திருத்த, யோர்டிஸின் மகள் மாய்பிரிட் தன் படகில் என்னைத் தாயின் தீவுக்கு ஏற்றிக்கொண்டு போனாள். அந்தத் தீவில் முன்பு நிறைய வீடுகளில் விளக்கு எரிந்தது. இப்போது ஒரே வீட்டில்தான் எரிகிறது. அதில் யோர்டிஸ் தனியாக இருக்கிறாள். அவள் புருசன் ஹெல்மர் இலையுதிர்காலத்தில் வலை பார்க்கப் போய்த் திரும்பி வரவில்லை. படகு மட்டும் கிடைத்தது. ஆளில்லாமல், தீவுக்கு முன்னாலிருக்கிற கன்றுப் பாறைக்குப் பக்கத்தில், பெற்றோல் தீரும்வரை, வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்ததாம். அதைத்தான் இப்போது யோர்டிஸ் ஓட்டுகிறாள்.

பாதி வழியில் மாய்பிரிட் வேகத்தைக் குறைத்தாள்.

"நேசன், ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை. அந்த மோட்டர் முடிஞ்சுது, இனித் திருத்தேலாது எண்டு அம்மாட்டைச் சொல்லுவியே?"

"பாக்காமலே சொல்லச் சொல்லுறியோ?"

"பாத்துப்போட்டுச் சொல்லு. நடுக்கடலிலை நிக்கிற மோட்டரோடை அவவைத் தனிய விட்டா, நான் ரெண்டாவது ஆளையும் தேட வேண்டி வரும். நாளைக்குக் காலமை வருவன். மோட்டர் சரியில்லையெண்டா அவ என்னோடை நகரத்துக்கு வாறதெண்டு ஒப்புக்கொண்டிருக்கிறா."

"சரியெண்டா?"

"சரியெண்டா அங்கையே இருக்கலாம்." அவள் என்னைப் பார்க்கவில்லை. "உன்ரை ஒரு சொல்லிலைதான் கிடக்கு."

இறங்குதுறையில் யோர்டிஸ் கையில் விளக்கோடு நின்றாள். மகள் இறங்கவில்லை, மருத்துவமனையில் வேலை என்று திரும்பிவிட்டாள். யோர்டிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"முந்தி வந்த மெக்கானிக் கால்சட்டையிலை கிறீஸ் இல்லாமல் வரவே மாட்டான். நீ தேவாலயத்துக்குப் போற மாதிரி வந்திருக்கிறாய். உன்னை நம்பலாமோ?"

"உடுப்புத் தோய்க்க வேறை ஆள் இல்லை. அதாலை நானே வடிவாத் தோய்க்கிறன்."

"ஓ, நீயும் தனிக்கட்டையோ," என்று சிரித்தாள். "வா, முதல்லை கோப்பி."

அடுப்பில் கொதித்துக் கறுத்த கோப்பியும் வெண்ணெய் பூசி மடித்த ரொட்டியும் தந்தாள். குடிக்கக் குடிக்க நோயைச் சொன்னாள். மோட்டர் முதல் திருப்பிலேயே பிடிக்கும். நன்றாக ஓடும். கன்றுப் பாறைக்கு அருகில் போனதும் செத்துவிடும். பற்றரியும் சார்ஜ் ஏறாது. காலையில் பார்த்தால் வெறும் பெட்டி, வீட்டில் வைத்து சார்ஜ் ஏற்றித்தான் கிளப்புவாளாம்.

"செத்த பிறகு எப்பிடித் திருப்பி ஓடுது?"

"ஓடும்," என்றாள். கோப்பையைக் கழுவ எழுந்துவிட்டாள்.

மோட்டர் பழையது. நாற்பது குதிரைவலு. உப்பு தின்று மூடியின் நிறம் போயிருந்தது. துறையில் கட்டியிருந்த படகிலேயே குந்தி, நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு தொடங்கினேன். நின்று நின்று ஓடுகிற மோட்டருக்கு முதல் சந்தேகம் பெற்றோல்தான். பெற்றோல் தாங்கியின் காற்றுத் திருகாணி திறந்தே இருந்தது. குழாயில் இருக்கிற றப்பர் குமிழை அமுக்கினேன், கல் மாதிரி இறுகியது, ஒழுக்கு இல்லை. வடிகட்டியில் தண்ணீர் இல்லை. பிளக் இரண்டையும் கழற்றிப் பொறி பார்த்தேன், நீலமாக, சத்தமாக அடித்தது. இந்த வகை மோட்டருக்குப் பற்றரி கிளப்ப மட்டும்தான். ஓடுவதற்கு வேண்டிய பொறியைத் தானே செய்துகொள்ளும். ஆகவே பற்றரி நோய் வேறு, நிற்கிற நோய் வேறு.

பற்றரி நோய் அகப்பட்டது. பற்றரியின் பூமிக் கம்பி, எர்த், மோட்டரோடு சேருகிற இடம் பச்சைக் களிம்பு பூத்துப்போய்க் கிடந்தது. சுரண்டி, மினுக்கி, கிறீஸ் வைத்து இறுக்கினேன். மோட்டரை ஓடவிட்டு மீற்றரைப் பிடித்தால் பதினாலு வோல்ற். சார்ஜ் ஏறுகிறது.

"சந்தோசமோ?" என்றாள் யோர்டிஸ், துறையில் நின்றபடி.

"பாதி. மற்றப் பாதிக்குக் கடலுக்குப் போய்ப் பாக்க வேணும்."

அவள் முகம் மாறியது. உள்ளே போய், சுருள் சுருளான ஒரு சிவப்புச் சரடைக் கொண்டுவந்தாள். இங்கே எல்லாப் படகிலும் இருக்கும். ஒரு முனையில் பிளாஸ்ரிக் கொக்கி. அது மோட்டரின் பொத்தானில் கொளுவும். மறு முனை ஓட்டுகிறவன் காலில். ஆள் தண்ணீரில் விழுந்தால் சரடு இழுக்கும், கொக்கி கழரும், மோட்டர் நின்றுவிடும், ஆள் நீந்திவந்து ஏறலாம். இந்த ஊர் பாஷையில் அதற்குப் பெயர் செத்தவன் பொத்தான்.

"அவர் கட்டினதே இல்லை," என்றாள். "சரடில்லாத ஒரு கொக்கியைக் கொளுவிப்போட்டு, சரடை வீட்டிலை ஆணியிலை தொங்க விட்டிருந்தவர். இஞ்சத்தை ஆம்பிளையளுக்கு அது வெக்கமாம். நாயோ கட்டி வைக்கிறதுக்கு எண்டு கேப்பார். நீ கட்டிக்கொண்டு போ."

கட்டிக்கொண்டு போனேன்.

பின்னேரம் இரண்டு மணி. இருட்டு. காற்று இல்லை. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. மீற்றரைப் பற்றரியில் கொளுவி, பலகையில் எனக்கு முன்னால் வைத்திருந்தேன். பதினாலு. தீவின் ஒற்றை விளக்கு பின்னால் சிறுத்துக்கொண்டு போனது. கன்றுப் பாறை கறுப்பாக வலப்பக்கம் வந்தது.

மோட்டர் நின்றது.

இருமவில்லை, திணறவில்லை. பெற்றோல் குறைந்து நிற்கிற மோட்டர் முதலில் இழுத்து இழுத்து ஓடும். இது வெட்டியது போல நின்றது. விளக்கைத் திருப்பினேன். கொக்கி பொத்தானிலிருந்து கழன்று கிடந்தது.

என் கால்தான் இழுத்திருக்கும் என்று நினைத்தேன். கொளுவினேன். பிடித்தது. பாறையைச் சுற்றித் திரும்பினேன். இந்த முறை சரடைக் காலிலிருந்து அவிழ்த்து, காலடியில் பலகையில் சும்மா போட்டுவிட்டேன். யாரும் இழுக்க முடியாதபடி.

மறுபடி நின்றது.

சரடு பலகையில் இல்லை.

படகின் விளிம்புக்கு மேலால் போய், நேரே தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. சுருள் ஒன்றுகூட மிஞ்சாமல், கம்பி மாதிரி விறைத்து நின்றது. கழன்ற கொக்கி விளிம்பில் மாட்டிக்கொண்டு நடுங்கியது. கீழே ஏதோ பிடித்திருந்தது. மீன் இழுப்பது எனக்குத் தெரியும், அது வெட்டி வெட்டி இழுக்கும். இது அப்படியில்லை. ஒரு மனிதன் கை மாற்றிப் பிடிப்பது போல.

பிறகு விட்டது. சரடு துள்ளிப் படகுக்குள் விழுந்தது. நனைந்திருந்தது.

தீவுக்குத் திரும்புகிற வழி அந்தப் பாறையைத் தாண்டித்தான். பலகைக்குக் கீழே இருந்த சின்னப் பெட்டியில் ஹெல்மரின் பழைய கொக்கி கிடந்தது, சரடில்லாதது. அதைக் கொளுவினேன். இனி இழுக்க ஒன்றுமில்லை. மோட்டரை முடுக்கினேன்.

பாறை கடந்தது.

மோட்டர் நிற்கவில்லை.

பின்னால், படகு கிழித்த நுரைக்குள்ளிருந்து, ஒரு குரல் கேட்டது.

"நில்லு."

கோபமில்லை. கெஞ்சலுமில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவன் ஓட்டுநரைக் கூப்பிடுவது போல.

திரும்பிப் பார்க்கவில்லை. முழு வேகத்துக்குத் திருகினேன். சத்தம் கூடியது, வேகம் குறைந்தது. படகின் பின்புறம் தாழ்ந்துகொண்டு போனது. எதையோ இழுத்துக்கொண்டு போகிறேன். மீற்றரில் எண்கள் இறங்கின. பதின்மூன்று. பன்னிரண்டு. பத்து. சார்ஜ் ஏறவேண்டிய மின் வேறு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஈரக் கம்பளி மணம் வந்தது, கூடவே கருகின புகையிலை.

"நில்லு," என்றது. இந்த முறை இன்னும் தள்ளி. குரல் களைத்திருந்தது.

அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கும் ஹெல்மர் இப்படித்தான் கூப்பிட்டிருப்பான். அவன் விழுந்த பிறகும் கொக்கி மோட்டரிலேயே இருந்தது. படகு நிற்கவில்லை. அவனைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறது, கைக்கு எட்டாத தூரத்தில்.

இப்போது செத்த பிறகு, சரடு கட்டப் பழகியிருக்கிறான்.

நான் கொக்கியை என் கையாலேயே இழுத்தேன்.

அமைதி.

அதைத்தான் முதலில் கேட்டேன் உங்களிடம். அந்த அமைதி ஒரு பெரிய அறை மாதிரி. அதற்குள் நான் மட்டும் இருந்தேன், பிறகு நான் மட்டும் இல்லை. நீந்துகிற சத்தம் வந்தது. மெதுவாக. தண்ணீரை ஒரு கை, பிறகு மறு கை. எனக்குப் பயத்தில் இந்த ஊர் பாஷை வாயில் வரவில்லை. எத்தனையோ மாதமாகச் சத்தமாகப் பேசாத என் தமிழ்தான் வந்தது.

"வாங்கோ," என்றேன். "ஏறுங்கோ. நான் நிக்கிறன்."

படகு இடப்பக்கம் சரிந்தது. ஒரு கனமான ஆள் விளிம்பைப் பிடித்துத் தன்னைத் தூக்குகிற அளவுக்கு. கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு முன்னாலிருந்த பலகை முனகியது.

படகு நேரானது.

கண்ணைத் திறந்தபோது யாருமில்லை. பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினேன், முதல் திருப்பிலேயே பிடித்தது. மீற்றர் பதினாலு காட்டியது. வரும் வழியெல்லாம் படகின் முன்பக்கம் ஒரு ஆள் பாரத்துக்குத் தாழ்ந்திருந்தது.

யோர்டிஸ் துறையில் கயிற்றைப் பிடித்துக் கட்டினாள்.

"பொத்தான் கழண்டுதோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஒவ்வொரு முறையும் கழரும். உன்னட்டைச் சொன்னா அது மாய்பிரிட்டுக்குப் போகும். அம்மாவுக்கு மூளை பிசகிப்போச்சு எண்டு அண்டைக்கே ஏத்திக்கொண்டு போவாள்." குரலைத் தாழ்த்தினாள். "நான் திருப்பிக் கொளுவிப்போட்டு ஓடி வந்திடுவன். எனக்குப் பயம். நீ என்ன செய்தனி?"

"நிண்டனான்."

"எவ்வளவு நேரம்?"

"அவர் ஏறும் வரைக்கும்."

அவள் கயிற்றை விடவில்லை. என்னைத் தாண்டி, படகின் முன்பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு விளக்கை உயர்த்தி, இறங்குதுறைப் படிகளில் வெளிச்சம் விழும்படி பிடித்தாள். எனக்காக இல்லை. நான் ஏற்கெனவே மேலே நின்றேன்.

"வழுக்கும்," என்றாள், கீழே பார்த்து. "பாத்து வாங்கோ."

அன்றிரவு வீட்டில் படுக்கச் சொன்னாள். படகுக் கொட்டிலின் மேல் அறை போதும் என்றேன். வேறு யாரையும் அப்படி விளக்குப் பிடித்துக் கூப்பிட்டதை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை மாய்பிரிட் வந்தாள். மோட்டர் சரி, பூமிக் கம்பிதான் பழுது, இனி நிற்காது என்று சொன்னேன். அவள் போய்த் தாயின் கதவைத் தட்டினாள். யோர்டிஸ் திறக்கவில்லை. "நீங்கள் போங்கோ, பிள்ளை," என்றாள் உள்ளேயிருந்து, "நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறம்." உள்ளே இரண்டு நாற்காலிகள் நகர்ந்தன.