ஏழாம் எண் வீட்டுச் சுவர்

இப்போதெல்லாம் ஆளாளுக்குக் கைப்பேசியில் ஒரு பழைய தெருப் படத்தைப் போட்டுவிட்டுக் கீழே அழுது வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் யாரும் கதவைப் பூட்டியதே இல்லையாம். பக்கத்து வீட்டுக்காரி பெற்ற தாய்க்குச் சமமாம். எழுதுகிறவனுக்கு நாற்பது வயது இருக்கும். நிலக்கரியைப் படத்தில்தான் பார்த்திருப்பான். கதவைப் பூட்டாததற்குக் காரணம், உள்ளே தூக்கிக்கொண்டு போக ஒன்றும் இல்லை என்பதுதான். கத்பர்ட் ராப்சனுக்கு அது தெரியும். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு இங்கிலாந்தில் டர்ஹம் பக்கத்துச் சுரங்கத்தில் இறங்கியவர். மேலே நின்று பேசுகிறவனை நம்பாதே என்பதைத் தவிர வேறு படிப்பு அவருக்குக் கிடையாது. எழுபத்தெட்டு வயதுவரை அது போதுமானதாக இருந்தது.

அப்படிப்பட்டவர் ஜனவரி மாதத்துப் பிற்பகல் ஒன்றில் தான் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆனால் பிறந்த ஊரில் அல்ல. சுரங்கம் மூடி, ஊர் காலியாகி, வரிசை வீடுகளை இடிக்க இருந்தபோது, பழைய ஊர்களைக் கண்காட்சியாக வைப்பவர்கள் வந்தார்கள். அவர் தெருவில் மூன்று வீடுகளைச் செங்கல் செங்கலாகப் பிரித்து, எண் போட்டு, லாரியில் ஏற்றி, முப்பது மைல் தள்ளி ஒரு புல்வெளியில் மறுபடி கட்டி நிறுத்திவிட்டார்கள். அந்த வரிசையில் வளர்ந்தவர்களில் மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். வந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி மூன்று கடிதம் போட்டார்கள். மூன்றாவதற்குத்தான் வந்தார்.

"ஒரு செங்கல்கூட இடம் மாறல, மிஸ்டர் ராப்சன்," என்றாள் ஜெம்மா. அங்கே வேலை பார்க்கும் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கோப்பு.

"எலிக்கெல்லாம் நம்பர் போட்டுக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"எலிக்கு அனுமதி கிடைக்கல."

"அப்ப இது எங்க வீடு இல்ல."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அறை முழுக்க மெழுகு வாசனையும் ஏதோ பூ வாசனையும் அடித்தது.

"நாத்தம் எங்க? ஈரச் சுரங்கத் துணி, முட்டைக்கோசு வேகவெச்ச தண்ணி, எங்கப்பா காலு. மூணும் சேந்தாத்தான் இந்த ரூம்."

"அதெல்லாம் இருந்தா யார் உள்ள வருவா?"

"நாங்க இருந்தோமே."

ஜெம்மா கோப்பைப் புரட்டினாள். சுவரில் மாட்டப்போகும் பலகைக்கு எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினாள். குளிருக்கு நெருப்பு மூட்டும் கணப்புகள் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவரில் முதுகோடு முதுகு ஒட்டி இருந்தன. அவசரம் என்றால் கணப்பின் பின்தகட்டை இரும்புக் கம்பியால் மூன்று முறை தட்டுவார்கள். பக்கத்து வீடு ஓடி வரும்.

"சரிதானே?"

"பாதிதான். கேட்டவங்க பதிலுக்கு ஒரு தட்டு தட்டணும். கேட்டுச்சு, வந்துட்டிருக்கேன்னு அர்த்தம். பதில் வந்துட்டா இவங்க மறுபடி தட்டக் கூடாது. காத்துட்டு இருக்கணும்."

"எப்பவும் வந்துருவாங்களா?"

"டீ கொண்டாறேன்னு சொன்னியே."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பாதையில் அவள் காலடி உறைபனியை நொறுக்கிக்கொண்டே போய்த் தேய்ந்தது. ஜன்னலில் வெளிச்சம் கலங்கிய பால்போல் நின்றது; மணி நான்குகூட ஆகவில்லை, அதற்குள் மேசைக்கு அடியிலும் அலமாரிக்குப் பக்கத்திலும் இருட்டு ஈரத் துணியைப் போட்டதுபோல் கிடந்தது. அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தார். டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். இரும்பு சூடாகி ஆறும்போது போடும் சத்தம். சின்ன வயதில் படுக்கையில் கிடந்து அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறார்.

ஆனால் இந்தக் கணப்பில் யாரும் நெருப்பு வைத்ததில்லை. புகைக்கூண்டின் வாயை மேலே மூடியிருக்கிறார்கள். கரிகூடக் கறுப்புச் சாயம் பூசிய களிமண்தான். அவர் வந்ததுமே விரலால் சுரண்டிப் பார்த்திருந்தார்.

எழுந்து போய்க் குனிந்து, பின்தகட்டில் உள்ளங்கையை வைத்தார்.

வெதுவெதுப்பு. அதிகம் இல்லை. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி அளவுக்கு.

சட்டென்று கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்தார். உள்ளே குழாய் ஏதாவது ஓட விட்டிருப்பார்கள். பார்க்க வருகிறவர்களுக்குக் குளிரக் கூடாதே. அடியில் குனிந்து தேடினார். குழாய் இல்லை. ஒயர் இல்லை. தரையோடு ஒட்டிய கல்தான். அவருடைய சொந்தக் கல். மூலையில் உடைந்த துண்டு, அதை உடைத்தது அவருடைய அப்பா.

அந்தப் பக்கம் ஏழாம் எண். தெர்ல்வெல் வீடு. அதை இவர்கள் கொண்டுவரவில்லை. சுரங்கத்துக்கு மேல் மண் உள்வாங்கி அதன் சுவர்கள் வெடித்திருந்தனவாம். இவருடைய ஆறாம் எண்ணோடு வரிசை முடிந்தது. சுவருக்கு அப்பால் வெறும் புல்.

அந்தப் புல்லின் பக்கமிருந்து தட்டினார்கள்.

மூன்று தட்டு. பலமாக இல்லை. கம்பியைத் தூக்கவே தெம்பில்லாத கை தட்டும் தட்டு. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் அதிகம்.

கத்பர்ட் ராப்சன் அசையவில்லை. மெஷின், என்று நினைத்தார். பலகை எழுதத் தெரிந்தவர்களுக்குச் சத்தம் பதிந்து வைக்கத் தெரியாதா. எல்லாம் ஏமாற்று வேலை. ஆனால் அந்த இடைவெளியை இவர்களுக்கு யார் சொன்னது. அது இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

போர்க்காலம். இதேபோல் ஒரு ஜனவரி. ஹெட்டி தெர்ல்வெல்லுக்கு எட்டு வயது, இவருக்கு ஒன்பது. அவளுக்குத் தொண்டை வலி. சளிதான் என்று நினைத்தார்கள். தொண்டை அடைப்பான் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். கணப்பு ஓரமாகத் தரையில் மெத்தை போட்டு, கையெட்டும் தூரத்தில் கம்பியை வைத்துவிட்டு, அவள் அம்மா இவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலையில் கட்டிய துணியும் கையில் பையுமாக.

"கண்ணு, ரேஷன் கடை வரிசை வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். ஹெட்டி தட்டினா போய் எட்டிப் பாத்துக்க. சரியா?"

"சரி."

இவனுடைய அம்மா வெளுப்பு வேலைக்குப் போயிருந்தாள். அப்பா சுரங்கத்தில். கரிக்குவியலின் சரிவில் பனி கெட்டிப்பட்டிருந்தது, பசங்கள் தகரத் தட்டில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு இவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த மூன்று தட்டு வந்தது.

அவன் கம்பியை எடுத்தான். ஒரு தட்டு. கேட்டுச்சு, வந்துட்டிருக்கேன்.

ஒரே ஒரு சறுக்கு சறுக்கிவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தது. பொய் இல்லை. போகத்தான் இருந்தான்.

இருட்டிய பிறகுதான் திரும்பினான். ஏழாம் எண் கதவு திறந்து கிடந்தது, தெருவே உள்ளே நின்றது. ஹெட்டி சுவர்ப் பக்கம் முகம் வைத்து முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். கம்பி கையில் இல்லை. அதைப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தாள். பதில் வந்துவிட்டது, இனித் தட்டக் கூடாது.

"தட்டினாளா, கண்ணு?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"இல்ல."

அதற்குப் பிறகு முப்பது வருடம் அந்த அம்மாள் உயிரோடு இருந்தாள். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் அதே பேச்சு. "கத்பர்ட் அந்தப் பக்கமே உக்காந்திருந்தான். ஒரு தட்டு தட்டியிருந்தா ஓடி வந்திருப்பான். இந்தப் புள்ளைதான் தட்டல. பிடிவாதம், அவங்கப்பன மாதிரி." செத்துப்போன குழந்தைமேல் அவளுக்கு ஆறாத கோபம். இவர்மேல் பிரியம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் சுட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பாள். இவர் சாப்பிடுவார். அவள் எதிரிலேயே, கடைசித் துணுக்குவரை.

மறுபடி தட்டு வந்தது.

மூன்று இல்லை. இரண்டு. மூன்றாவதற்குத் தெம்பு இல்லை. கம்பி இரும்பில் உரசி வழுக்கிக் கீழே இறங்கும் சத்தம்.

அவர் நின்றார். மூச்சு வாயருகே வெள்ளையாக வந்தது. அறை அத்தனை குளிர். தகடு மட்டும் டிக் டிக் என்றது.

மெஷின்.

கை கேட்கவில்லை. கணப்போரம் சாய்த்திருந்த கம்பியை எடுத்துவிட்டது. எழுபது வருடத்துக்கு முந்தைய எடை. எழுபது வருடத்துக்கு முந்தைய குளிர்ச்சி.

வேண்டாம்.

ஒரு தட்டு.

அது அறைக்குள் ஓடி, தகட்டுக்குள் ஓடி, அப்பால் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்தது அவருக்குத் தெரிந்தது. டிக் சத்தம் நின்றது. எல்லாம் நின்றது. காதை வைத்துக் கேட்கிற ஒருத்தி, சரி, வருகிறான் என்று தலையைத் தலையணையில் வைத்துக்கொள்கிற அமைதி.

அவர் கம்பியைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தார். மெஷின் எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான். வேறு எதற்கும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பக்கவாட்டுக்குப் போனார்.

சுவரில் தெர்ல்வெல் கணப்பு இருந்த இடத்தை அப்படியே விட்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு கரிப்படிவு, அதற்குக் கீழே தகட்டின் பின்புறம். பெட்டி இல்லை. ஒயர் இல்லை. புல்வெளி முழுக்க, வேலிவரை, உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. ஒரு காலடி இல்லை. ஒரு பறவைக் கால் இல்லை.

தகட்டை ஒட்டி ஓர் இடத்தில் மட்டும் பனி இல்லை.

பச்சையாக, ஈரமாக இருந்தது. மூன்றரை அடி நீளம். தலைப் பக்கம் வட்டம். நடுவில் முழங்கால் மடங்கிய வளைவு. முகம் சுவரைப் பார்த்து. அதன் மேலிருந்து லேசாக ஆவி எழுந்தது. எழுந்து, நின்று, எழுந்தது. சீராக இல்லை. இழுத்து இழுத்து.

"மிஸ்டர் ராப்சன்?" வாசல் பக்கமிருந்து ஜெம்மாவின் குரல். "டீ ஆறுது. அங்க என்ன பண்றீங்க?"

"சுவருக்குள்ள என்ன மெஷின் வெச்சிருக்கீங்க?"

"மெஷினா? நாங்க இன்னும் கரண்டே இழுக்கலயே."

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடும். அவர் நம்பவில்லை. ஏதாவது செம்மறி படுத்திருக்கும். அடியில் தண்ணீர்க் குழாய் போகும். நூறு காரணம் இருக்கும்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோள் இருக்கும் இடத்திலிருந்து பனி கரையத் தொடங்கியது. கை அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு. மெதுவாக, வலிக்காமல் நகர்வதுபோல், வெள்ளைப் புல்லில் அவர் பூட்ஸை நோக்கி நீண்டது. நுனியில் ஐந்தாகப் பிரிந்தது. அவருடைய காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து, உள்ளங்கை மேலே பார்க்க, நின்றது.

கத்பர்ட் ராப்சன் காலைப் பின்னால் எடுத்து வைத்தார்.

"வெயில் பட்டு உருகுது," என்று உரக்கச் சொன்னார். சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. சொல்லிவிட்டுத் திரும்பி, டீ குடிக்காமல், எதிலும் கையெழுத்துப் போடாமல், வாசல் கேட்டை நோக்கி நடந்தார். பின்னால் யாரும் தட்டவில்லை.